வில்வண்டி முதல் அம்பாசிடர் வரை: சாய்ந்த வண்டியை நிமிர்த்திய கதை



மாலை நடைக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். நம் நகரில் இரண்டு மூன்று வீடுகளின் போர்ட்டிகோவில் பழைய கார்கள் உறை போர்த்தி நிற்கின்றன. உறையை விலக்கிப் பார்த்தால் அநேகமாக ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். அல்லது பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கு மட்டும் வானத்தைப் பார்க்கும். "ஸ்பிரிங் போயிடுச்சு சார், இனி எடைக்குத்தான்" என்று பழைய இரும்பு வியாபாரி ஒரு விலை சொல்லிவிட்டுப் போகிறார். பிள்ளைகளும் வெளியூரிலிருந்து போனில் "போட்டுடுங்கப்பா" என்கிறார்கள்.

போடுவதா வைத்துக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம். ஆனால் "ஸ்பிரிங் போய்விட்டது" என்ற ஒரே காரணத்துக்காக ஒரு காரை எடைக்குப் போடுவதற்கு முன், அந்த ஸ்பிரிங் நம் ஊருக்கு வந்த வரலாற்றையும், அதை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் செய்த வேலையையும் தெரிந்துகொண்டால் நல்லது. நான் வணிகவியல் படித்து வங்கியில் கணக்கு எழுதியவன், பொறியாளன் அல்லன். வாகனக் கடன் பிரிவில் இருந்த வருடங்களில் கார்களைப் பார்வையிடப் போய், பட்டறைகளில் காத்திருந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை வைத்து எழுதுகிறேன்.

வில் என்ற சொல்

வில்வண்டியை நம்மில் அறுபது தாண்டியவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். நெல்லும் எருவும் ஏற்றியது கட்டை வண்டி. மிராசுதார் வீட்டுப் பெண்கள் கோயிலுக்கும், பெரியவர்கள் கோர்ட்டுக்கும் போனது வில்வண்டி. இரண்டுக்கும் மாடு ஒன்றுதான், சக்கரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் நடுவே இருந்தது. இரும்புப் பட்டைகளை நீளத்தில் இறங்குமுகமாக அடுக்கி, நடுவில் கட்டி, வில் போல வளைத்து இரு பக்கமும் வைத்திருப்பார்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அடியை வில் வாங்கிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குப் போகாது. அந்த வில்தான் வண்டிக்கே பெயரானது.

இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒபதியா எலியட் என்பவர் நீள்வட்ட வடிவ வில்லைக் குதிரை வண்டிக்குப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். அங்கிருந்து அந்த ஏற்பாடு உலகமெங்கும் பரவியது. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்சன் நிறுவனமும் முதலில் கோச்சு வண்டி கட்டும் நிறுவனம்தான். மோட்டார் பிறகுதான் வந்தது.

வில்வண்டிக் காலத்தில் வண்டியை மட்டப்படுத்த யாரும் ஸ்பேனர் எடுத்ததில்லை. பாரம் முன்னே கூடினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "ஆச்சி, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க" என்பார், அவ்வளவுதான். ஆட்களை நகர்த்தி வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவந்த அந்த வழக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. வண்டி சாய்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது பாரத்தை, வில்லை அல்ல.

மோட்டார் வந்த பிறகு

1912-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். இன்று உலகமறிந்த டி.வி.எஸ். குழுமத்தின் தொடக்கம் நமக்குப் பக்கத்துச் சாலையில்தான். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் போனதும் கரி வாயுவில் ஓடும் பஸ்கள் வந்தன. அதற்கான வாயு உலையையும் டி.வி.எஸ். தயாரித்தது. அந்த உலையின் எடையையும் சேர்த்து ஸ்பிரிங் பட்டைகள்தாம் சுமந்தன. பிறகு கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் போன்ற தனியார் பஸ்கள் டெல்டாவெங்கும் ஓடின. 1972-இல் அவற்றின் இடத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது.

இந்த பஸ்களும் லாரிகளும்தான் நம் ஊர்க் கொல்லர்களை ஸ்பிரிங் வேலைக்காரர்களாக மாற்றின. கலப்பைக் கொழுவும் அரிவாளும் அடித்த கொல்லுப்பட்டறைக்கு உடைந்த பட்டைகள் வரத் தொடங்கின. இங்கிலாந்து வண்டிக்கு உதிரிப் பாகம் கப்பலில் வரும் வரை பஸ்ஸை நிறுத்தி வைக்க முடியாதல்லவா? பட்டையைக் காய்ச்சி, வளைத்து, தோய்ச்சல் போட்டு, மறுபடி கட்டினார்கள். "கமான்" என்ற சொல்லும் பட்டறையில் ஒட்டிக்கொண்டது. கமான் என்றாலும் வில்தான். வில்வண்டியின் வில், லாரியில் கமான் பட்டை ஆனது.

தோய்ச்சல் என்பதுதான் இந்த வேலையின் உயிர். எஃகுப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி அப்படியே காற்றில் ஆறவிட்டால் அது மெதுவாகிவிடும். சில மாதங்களில் மறுபடி உட்காரும். சிவந்ததை எண்ணெயில் அமிழ்த்தி உடனே எடுத்து மாட்டினால் கடினமாகும், ஆனால் கண்ணாடி போல் உடையும். அமிழ்த்திய பிறகு மறுபடி அளவான சூடு காட்டி ஆற்றினால்தான் வில்லுக்குரிய பதம் கிடைக்கும். அந்த அளவு சூட்டை அந்தக் காலக் கொல்லர்கள் பட்டையின் மேல் ஓடும் நிறத்தை வைத்தே சொன்னார்கள், மானி எதுவும் கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு

1678-இல் இராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் ஸ்பிரிங்கின் விதியை வெளியிட்டார். பாரம் இரட்டித்தால் அமுக்கமும் இரட்டிக்கும் என்பதே அது. இதை வைத்துக் கணக்குப் போட்டால் பழைய கார்களுக்கு நாம் பொதுவாகச் செய்யும் வைத்தியம் சரியா என்று தெரிந்துவிடும்.

ஒரு பின் ஸ்பிரிங் 20 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் அமுங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் மேல் காரின் எடை 300 கிலோ என்றால் அமுக்கம் 15 சென்டிமீட்டர். கார் தாழ்ந்துவிட்டது என்று நான்கு பட்டை இருந்த கட்டில் அதே அளவில் ஐந்தாவது பட்டை சேர்க்கிறோம். விறைப்பு கால் பங்கு கூடும். இனி ஒரு சென்டிமீட்டர் அமுங்க 25 கிலோ வேண்டும். 300 கிலோவுக்கு 12 சென்டிமீட்டர்தான் அமுங்கும். கார் 3 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது, நமக்கும் திருப்தி. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி கால் பங்கு கூடுதலாக முரண்டு பிடிக்கும். தடிமனான பட்டை போட்டால் இன்னும் மோசம். தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்.

இதைப் பற்றி ஒரு முதிய மெக்கானிக்கிடம் பேசியபோது அவர் ஒரே வரியில் சொன்னார்: "பட்டைக்குப் பலம் குறையல சார், வளைவுதான் குறைஞ்சிருக்கு." இந்த ஒரு வரியை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பல வருடம் பாரம் தாங்கிய எஃகு தன் வளைவை இழக்கிறது, ஆனால் அதன் விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஆகவே சரியான வைத்தியம் வளைவைத் திருப்பித் தருவது. கூடுதல் பட்டை போடுவது, காய்ச்சலுக்குக் கம்பளி போர்த்துவது போல. தற்காலிகச் சுகம் உண்டு, நோய் போகாது.

அம்பாசிடரின் முறுக்குக் கம்பி

1957-இல் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடர் தயாரிப்பைத் தொடங்கியது. அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். தாய்நாட்டில் 1959-இல் நின்றுபோன அந்த உருவம் நம் நாட்டில் 2014 மே மாதம் வரை ஓடியது. கலெக்டர் முதல் வாடகை டாக்சிக்காரர் வரை எல்லோருக்கும் அதே கார்.

அம்பாசிடருக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங், அதாவது நம் வில்வண்டி வில்லின் பேரன். ஆனால் முன்னால் வேறு ஏற்பாடு. சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட எஃகுக் கம்பிகள் காரின் அடியில் முன்னிருந்து பின்னாகப் படுத்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது கம்பி முறுக்கிக்கொண்டு திரும்பும். டார்ஷன் பார் என்பது இதைத்தான். மோரிஸ் நிறுவனத்துக்கு இந்த முறையை 1948-இல் மைனர் காரில் கொண்டுவந்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு 1959-இல் மினி காரை உருவாக்கியவரும் அவரே.

இதன் பெரிய வசதி, காரின் உயரத்தைத் திருத்த முடியும் என்பது. கம்பியின் முனைகளில் பற்கள் உண்டு. பின் முனையில் கம்பியைப் பிடித்திருக்கும் இரும்புக் கையைக் கழற்றி, இடம் மாற்றி மாட்டினால் அந்தப் பக்கம் முன்மூக்கு உயரும் அல்லது தாழும். நெருப்பும் சுத்தியலும் தேவையில்லை. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். இருபது வருடம் ஒருவர் மட்டுமே ஓட்டிய காரில் வலப்பக்கம் தாழ்வது இயல்பு. பழகிய மெக்கானிக் அந்தப் பக்கக் கம்பியை மட்டும் திருத்தி மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வலக் கம்பியை இடப்பக்கமும் இடக் கம்பியை வலப்பக்கமும் மாற்றிப் போடக் கூடாது. பல வருடம் ஒரே திசையில் முறுக்கிப் பழகிய எஃகை எதிர்த் திசையில் முறுக்கினால் முறியும் ஆபத்து உண்டு. இன்னொன்று, கம்பியின் மேல் உளி படக் கூடாது, ஆழமான கீறல் விழக் கூடாது. அந்தக் கீறலில்தான் விரிசல் தொடங்கும். அதிராம்பட்டினம் உப்புக் காற்று வீசும் நம் பகுதியில் துருப் புள்ளிகளும் அதே வேலையைச் செய்யும்.

டெல்டாவில் அம்பாசிடர் பின்பக்கம் உட்கார்ந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. டிக்கியில் தேங்காய் மூட்டை, உள்ளே முகூர்த்தத்துக்குப் போகும் ஒன்பது பேர், மேலே கேரியரில் சீர்வரிசை. இந்த பாரத்தைத் தாங்கட்டும் என்று டாக்சிக்காரர்கள் கூடுதல் பட்டை கட்டினார்கள். அவர்கள் தொழிலுக்கு அது நியாயம். பிறகு அதே கார் செகண்ட் ஹாண்டாக ஒரு வீட்டுக்கு வரும்போது, உள்ளே இரண்டே பேர். வண்டி கல்லைப் போல் ஓடும். "அம்பாசிடர் என்றாலே இப்படித்தான்" என்று அந்தப் பழி காரின் மேல் விழும். பட்டையை எண்ணிப் பார்த்தால் உண்மை தெரியும்.

சென்னையின் ஹெரால்டு

தமிழ்நாட்டுக்கும் ஒரு கார்க் கதை உண்டு. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி விற்றது. அதுவே 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் திரும்பிவிட்டது. அதே 1948-இல் வந்த இன்னொரு நிறுவனம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வண்டலூர் பக்கம் ஆலை. அவர்கள் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இத்தாலியர் ஜியோவன்னி மிக்கலாட்டி வரைந்த அழகான சிறிய கார். பழைய தமிழ்ப் படங்களில் அடிக்கடி பார்க்கலாம். டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி வாங்கினார்கள்.

ஹெரால்டின் பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங் இரண்டு கிடையாது, ஒன்றுதான். அது குறுக்கே, ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை, டிஃபரன்ஷியல் பெட்டியின் மேல் படுத்திருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் அச்சு தனித்தனியே பறவையின் இறக்கை போல் மேலும் கீழும் ஆடும். இதனால் ஸ்பிரிங் வளைவு இழந்தால் கார் தாழ்வதோடு நிற்காது. இரண்டு பின்சக்கரங்களின் தலையும் உள்ளே சாய்ந்து, கால் அகட்டி நிற்பவர் போலாகிவிடும். டயரின் உள்விளிம்பு தேயும். எதிர்மாறாகப் பின்பக்கத்தை அளவுக்கு மேல் உயர்த்தினால் இன்னும் ஆபத்து. வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி, பின்பக்கம் பிடி விட்டுவிடும். ஆக, உயரம் என்பது ஹெரால்டில் அழகுக்கான விஷயம் அல்ல, உயிருக்கான விஷயம்.

இந்த ஆடும் அச்சு நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை. 1972-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த கெஸல் காரில் சாதாரண ஒற்றை அச்சுக்குத் திரும்பிவிட்டார்கள். வெளிநாட்டு வரைபடம் நம் பட்டறைக்குப் பணிந்த சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 வெற்றி பெறாமல், 1988 வாக்கில் கார் தயாரிப்பே நின்றுபோனது. உதிரிப் பாகம் கிடைக்காத நிலையில் எஞ்சிய ஹெரால்டுகளின் ஆயுள் முழுவதும் பட்டறைக்காரர்கள் கையில்தான் இருந்தது.

வெளிநாட்டில் இதே காலத்தில் காரைத் தானாகவே மட்டப்படுத்தப் பெருஞ்செலவு செய்தார்கள். 1955-இல் பிரான்சின் சித்ரோன் டி.எஸ். எண்ணெயும் வாயுவும் கொண்டு தன் உயரத்தைத் தானே காத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் பேக்கார்டு, மின்மோட்டார் கொண்டு முறுக்குக் கம்பியைத் திருத்தியது. நமக்கு வாய்த்தது கொல்லரும் மெக்கானிக்கும்.

எந்த மூலையில் குறை?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பயன்படும். பேரேட்டில் இருபுறமும் டாலி ஆகாவிட்டால் நாங்கள் முதல் நாளின் பதிவிலிருந்து சரிபார்ப்போம். இதிலும் அதே ஒழுங்கு வேண்டும்.

முதலில் தரை. சிமென்டுத் தரை மட்டமா என்று நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். போர்ட்டிகோவில் பெரும்பாலும் வாசலை நோக்கி வாட்டம் கொடுத்திருப்பார்கள். அடுத்து டயர். நான்கும் ஒரே அளவா, காற்று சரியா? பிறகு டிக்கியைக் காலி செய்யுங்கள். காரை முன்னும் பின்னும் நான்கு முறை அழுத்தி ஆட்டிவிட்டு, கொஞ்ச தூரம் உருட்டி நிறுத்துங்கள். பின் ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் முன்னும் பின்னும் தாழ்ந்திருந்தால் குறை எதில்? ஒரு ஸ்பிரிங் தளர்ந்தாலே முழுக் காரும் அந்தப் பக்கம் சாயும் என்பதால் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பழைய மெக்கானிக்குகளின் உத்தி ஒன்று உண்டு. பின்பக்கச் சேசிஸின் நட்டநடுவில் ஒரே ஒரு ஜாக்கி வைத்து, பின் ஸ்பிரிங்குகளின் பாரம் போகுமளவு தூக்குவார்கள். இப்போது கார் இடவலமாகச் சாய்வதைத் தீர்மானிப்பவை முன் ஸ்பிரிங்குகள் மட்டுமே. கார் நேராகிவிட்டால் குறை பின்னால். சாய்வு அப்படியே நின்றால் குறை முன்னால். இதை அனுபவமுள்ளவர்தான் செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் நுழையக் கூடாது.

குறை பின்னால் என்றால் முதலில் பட்டை உடைந்திருக்கிறதா, யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஷேக்கிள் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் வேலை அதோடு முடிந்துவிடும். அப்படி இல்லையென்றால் இரண்டு பக்கப் பட்டையையும் சேர்த்தே இறக்கி வளைவு ஏற்றுங்கள். ஒன்றை மட்டும் செய்தால் அடுத்த வருடம் மறுபக்கம் சாயும். முன்பக்க உயரத்தைத் திருத்தினால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் சாலையில் இறக்காதீர்கள்.

சாய்வைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். பின்பக்கம் தாழ்ந்த காரின் ஹெட்லைட் மேல் நோக்கும். ஒரத்தநாடு சாலையில் இரவு எதிரே வரும் இருசக்கரக்காரரின் கண்ணில் அந்த வெளிச்சம் நேராக விழும். முன்சக்கரத்தில் பாரம் குறைவதால் ஸ்டீயரிங் லேசாகும், பிரேக்கின் பிடியும் குறையும். நம் சாய்வுக்கு விலை கொடுப்பவர் வேறொருவராக இருக்கலாம்.

இப்போது ஏன் இதெல்லாம்?

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருக்கும் காருக்கு "வி.ஏ." என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் தருகிறார்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. சாதாரணப் பதிவிலேயே தொடர விரும்பினால் 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அதன் பிறகு மேலும் கூடியது. முடிவெடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இன்றைய விவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, காரைக் காப்பாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. காசு இருப்பவர்களும் இருக்கிறார்கள். குறைந்துகொண்டே போவது பட்டைக்குப் பதம் பார்க்கத் தெரிந்த கைகள்தாம். இன்றைய கார்களில் காயில் ஸ்பிரிங், பழுதானால் பெட்டியில் புதிதாக வரும். யாருக்கும் வளைவு ஏற்றும் அவசியமில்லை. வேலை இல்லாத தொழிலை எந்தத் தகப்பனும் மகனுக்குச் சொல்லித்தர மாட்டான். நிறம் பார்த்துச் சூடு சொன்னவர்களில் எஞ்சியிருப்போர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை, எழுதச் சொல்லி நாமும் கேட்கவில்லை.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. உங்கள் வீட்டில் சாய்ந்து நிற்கும் கார் இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு பழைய மெக்கானிக்கை அழைத்துக் காட்டுங்கள். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ வில்வண்டி வைத்திருந்தவர், பட்டை வேலை செய்தவர் யாரேனும் இருந்தால், அவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டு எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது. ஆசிரியர் குழு அனுமதித்தால் அடுத்த இதழிலிருந்து ஒவ்வொன்றாக வெளியிடலாம்.